கிறிஸ்துமஸ் தட்டில் சுகர் உள்ளவருக்கும் ஒரு பங்கு

டிசம்பர் பிறந்துவிட்டால் காட்டுப்பாக்கத்தின் பேக்கரிக் கண்ணாடிகளுக்குப் பின்னால் பிளம் கேக்கும் பட்டர் பிஸ்கட்டும் அடுக்கடுக்காக ஏறிவிடும். மவுண்ட் - பூந்தமல்லி சாலையில் ஐயப்பன்தாங்கலுக்கும் குமணன்சாவடிக்கும் நடுவில், மெட்ரோ தூண்களுக்குக் கீழே நெரிசலோடு ஓடும் ஊர் இது. இங்கும் சுற்றியுள்ள புறநகர்களிலும் கிறிஸ்துமஸ் ஒரு மதத்தாரின் வீட்டோடு நின்றுவிடுவதில்லை. கல்கல், அச்சு முறுக்கு, ஒரு துண்டு கேக், நாலு குக்கீஸ் என்று தட்டு நிறைந்து பக்கத்து வீட்டுக்குப் போகும். தீபாவளிக்கு அதிரசம் வந்த வீட்டுக்கும், ரம்ஜானுக்கு பிரியாணி வந்த வீட்டுக்கும் கட்டாயம் போகும்.

அந்தத் தட்டு போய்ச் சேரும் வீட்டில் ஒருவருக்காவது சுகர் இருக்க வாய்ப்பு அதிகம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து நாடு முழுவதும் நடத்திய கணக்கெடுப்பு 2023இல் வெளியானது. இந்தியாவில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் சுமார் 10.1 கோடிப் பேர் என்றது அது. நோயின் வாசலில் நிற்பவர்கள் இன்னும் 13.6 கோடிப் பேர். தமிழ்நாட்டில் வயதுவந்தவர்களில் 14.4 சதவீதம், அதாவது ஏறக்குறைய ஏழு பேரில் ஒருவர். ஐந்தாறு குடும்பங்கள் உள்ள ஒரு சின்ன அபார்ட்மென்ட்டில்கூட இரண்டு மூன்று பேர் தேறிவிடுவார்கள்.

அவர்களுக்குத் தட்டு வரும்போது இரண்டில் ஒன்று நடக்கிறது. "எனக்கு வேணாம்மா, பிள்ளைங்க சாப்பிடட்டும்" என்று ஒதுங்கிவிடுவார்கள். அல்லது, "பண்டிகை நாள்ல ஒண்ணும் ஆகாது, ராத்திரி மாத்திரைய கூட ஒண்ணு போட்டுக்கலாம்" என்ற வற்புறுத்தலில் மூன்று நான்கு உள்ளே போய்விடும். முதலாவது வருத்தம் தருவது, இரண்டாவது ஆபத்தானது. மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையைக் கூட்டிப்போட்டால் நள்ளிரவில் ரத்தச் சர்க்கரை தடாலென்று இறங்கலாம். இந்த இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. அவர்களை மனதில் வைத்து, கணக்குப் பார்த்து, வீட்டிலேயே ஒரு பிஸ்கட் சுடலாம். செய்யக் கூடியதுதான். ஆனால் சர்க்கரையை மட்டும் எடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்தால் அங்கேயே தவறு தொடங்கிவிடும்.

"கருப்பட்டிதான்க்கா போட்டிருக்கேன், சுகர் ஏறாது, தைரியமா சாப்பிடுங்க." பண்டிகைக் காலத்தில் இந்த வாக்கியத்தைக் கேட்காத சுகர் நோயாளி அரிது. அன்பில் சொல்வதுதான், ஆனாலும் உண்மை இல்லை. கருப்பட்டி, வெல்லம், நாட்டுச் சர்க்கரை மூன்றிலும் முக்கால் பங்குக்கு மேல் இருப்பது வெள்ளைச் சர்க்கரையில் உள்ள அதே சுக்ரோஸ். கருப்பட்டியின் மணத்துக்கு ஈடில்லை. கொஞ்சம் தாதுச் சத்தும் அதில் உண்டு. ஆனால் உடலுக்குள் போனபின் குடல் அதன் நிறத்தைப் பார்ப்பதில்லை, உடைத்து குளுக்கோஸாக ரத்தத்தில் ஏற்றிவிடுகிறது. தேனுக்கும் பேரீச்சம்பழக் கூழுக்கும் இதுவே பொருந்தும். கருப்பட்டி பிஸ்கட் பிடித்தால் கருப்பட்டியிலேயே சுடலாம். சர்க்கரைக்கு வைக்கும் அதே கணக்கை அதற்கும் வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்த நம்பிக்கை கடையில் கிடைக்கும் 'சுகர் ஃப்ரீ' பாக்கெட். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி, 100 கிராம் பொருளில் சர்க்கரை 0.5 கிராமுக்கு மேல் இல்லாவிட்டால் அப்படி அச்சிடலாம். அந்த வாக்குறுதி சர்க்கரையைப் பற்றியது மட்டுமே, மாவைப் பற்றி அதில் ஒரு சொல்லும் கிடையாது. பாக்கெட்டைத் திருப்பி, சிறிய எழுத்தில் உள்ள சத்துப் பட்டியலைப் படித்தால் 100 கிராமுக்குக் கார்போஹைட்ரேட் 60 கிராமைத் தாண்டுவது சாதாரணம். மைதா முழுக்க மாவுச்சத்து. 100 கிராம் மைதாவில் சுமார் 75 கிராம் அதுதான், அதைத் தடுத்து நிறுத்த நார்ச்சத்தும் அதிகம் இல்லை. இனிப்பே இல்லாத பன்னும் உப்பு பிஸ்கட்டும்கூட சர்க்கரை அளவை ஏற்றிவிடுவதற்குக் காரணம் இதுதான்.

எந்த உணவு எவ்வளவு வேகமாக ஏற்றுகிறது என்பதை எண்ணாகச் சொல்லும் முறையை 1981இல் டொரண்டோ பல்கலைக்கழகத்தின் டேவிட் ஜென்கின்ஸ் குழு கொண்டுவந்தது. கிளைசீமிக் இன்டெக்ஸ் என்று பெயர். சோதனை எளிமையானது, பொறுமை மட்டும் நிறைய வேண்டும். இரவு முழுக்கப் பட்டினியாக வந்த பத்துப் பேருக்காவது 50 கிராம் கார்போஹைட்ரேட் தரக்கூடிய அளவு அந்த உணவைக் கொடுக்கிறார்கள். இரண்டு மணி நேரம் விரல் நுனியில் குத்திக் குத்திச் சர்க்கரையை அளக்கிறார்கள். அதே ஆட்கள் வெறும் குளுக்கோஸ் குடித்த நாளோடு ஒப்பிடுகிறார்கள். குளுக்கோஸுக்கு 100 என்று வைத்தால், 55 வரை வருவது மெதுவாக ஏற்றும் உணவு, 70க்கு மேல் வேகமாக ஏற்றுவது. சென்னையிலேயே மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் நம்மூர் உணவுகளை இப்படிச் சோதித்து வருகிறது. வெளிநாட்டுப் பட்டியலில் இட்லிக்கும் ராகிக்கும் விடை தேட வேண்டியதில்லை.

ராகி என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கம்பு, தினை, வரகு, ராகி என்று பெயர் போட்டால் போதும், அது சுகர்காரர் பிஸ்கட் என்று விற்றுவிடுகிறது. சிறுதானியத்துக்கு உண்மையிலேயே பெருமை உண்டு. ஹைதராபாத் அருகே உள்ள இக்ரிசாட் நிறுவனத்தின் தலைமையில் பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2021இல் வந்த அறிக்கை, சிறுதானியங்களின் சராசரி கிளைசீமிக் இன்டெக்ஸ் 52.7 என்று கணித்தது. அரிசியையும் மைதாவையும்விட இது நல்ல எண். ஆனால் தானியத்தை நைசாக அரைக்க அரைக்க, அவலாகவோ சேமியாவாகவோ மாற்ற மாற்ற, அது செரிக்கும் வேகம் கூடுகிறது. நைசாக அரைத்த ராகி மாவும் நிறைய வெல்லமும் சேர்ந்த குக்கீயில் ராகிக்கு வேலையே இல்லாமல் போய்விடும். ராகி தனியாகப் போதாது. பாதாம், வேர்க்கடலை, கடலை மாவு போன்ற புரதமும் நாரும் உள்ள கூட்டாளி அதற்கு வேண்டும்.

சர்க்கரையைக் குறைத்தால் பிஸ்கட் ஏன் சொதப்புகிறது என்று பலர் கேட்பதுண்டு. அடுப்புக்குள் சர்க்கரைக்கு இனிப்பைத் தவிர வேறு வேலைகளும் இருப்பதுதான் காரணம். வெண்ணெயோடு அடிக்கும்போது சர்க்கரைத் துகள்கள் கொழுப்புக்குள் காற்றை இழுத்து வைக்கின்றன, பிஸ்கட் கரகரவென்று உதிர்வது அதனால்தான். சூட்டில் சர்க்கரை உருகி மாவைத் தட்டையாகப் பரப்புகிறது. மேலே பொன்னிறம் தருகிறது. ஆறியபின் மறுபடி இறுகி மொறுமொறுப்பைக் கொடுக்கிறது. முழுவதையும் எடுத்துவிட்டால் வெளுத்துப்போன, பரவாத, ரவை உருண்டை போன்ற ஏதோ ஒன்றுதான் மிஞ்சும். வழக்கமான பிஸ்கட் செய்முறை எதிலும் கால் பங்கு சர்க்கரையைக் குறைத்தால் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை. பாதிக்கு மேல் குறைக்க வேண்டுமானால் மாவையே மாற்ற வேண்டும்.

சர்க்கரைக்கு இனிப்பைத் தாண்டியும் வேலை உண்டு என்பதற்குத் தூத்துக்குடி மக்ரூன் நல்ல சாட்சி. முட்டை வெள்ளை, முந்திரி, சர்க்கரை, அவ்வளவுதான், மைதா கிடையாது. மைதா இல்லாத பலகாரம் என்றதும் சுகர்காரருக்குப் பொருந்தும் என்று தோன்றும். ஆனால் அதன் உடம்பே சர்க்கரைதான். அடித்த முட்டை நுரையைத் தாங்கி நிறுத்துவது அது, குறைத்தால் கூம்பு நிற்காமல் தளர்ந்துவிடும். மக்ரூனை மாற்றப் பார்ப்பதைவிட அதில் உள்ள முந்திரியை மட்டும் கடன் வாங்கிக்கொள்வது புத்திசாலித்தனம். சர்க்கரை நோய் உள்ள 300 பேரில் ஒரு பகுதியினருக்கு 12 வாரம் தினமும் 30 கிராம் முந்திரி கொடுத்து மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் செய்த ஆய்வு 2018இல் வெளியானது. சர்க்கரை அளவும் எடையும் மோசமாகவில்லை, நல்ல கொலஸ்ட்ரால் சற்றுக் கூடியது, ரத்த அழுத்தமும் கொஞ்சம் இறங்கியது. முந்திரி என்றால் சுகர்காரர் தொடவே கூடாது என்ற பயம் நம் வீடுகளில் பரவலாக இருப்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. எண்ணெயில் பொரித்து உப்புத் தூவிய முந்திரி வேறு கதை.

இனிப்பூட்டிகளுக்கு வருவோம். மாத்திரையாகவும் பொடியாகவும் கடையில் கிடைப்பவை எல்லாம் ஒரே குணம் கொண்டவை அல்ல. அஸ்பார்டேம் அடுப்புச் சூட்டில் சிதைந்து இனிப்பை இழந்துவிடும், டீக்குச் சரி, பிஸ்கட்டுக்கு உதவாது. சுக்ரலோஸ் சூட்டைப் பெருமளவு தாங்கும். ஆனால் அது துளியளவே போதும் என்பதால் மாவில் சர்க்கரை விட்டுச்சென்ற இடத்தை நிரப்பாது. ஸ்டீவியா கூடினால் கசப்பு நாக்கின் அடியில் தங்கிவிடும். எரித்ரிட்டால் சர்க்கரை மாதிரியே பொடியாக, அளவோடு இருக்கும், ரத்தச் சர்க்கரையை ஏற்றாது. வாயில் ஒரு குளிர்ச்சி தரும், பொன்னிறம் மட்டும் வராது. ரத்தத்தில் எரித்ரிட்டால் அளவு கூடுதலாக இருந்தவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் அதிகம் வந்ததை 2023இல் ஓர் அமெரிக்க ஆய்வு கண்டது. காரணம் அதுவேதானா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. இதய நோய் உள்ளவர்கள் அதைத் தினசரிப் பழக்கமாக்காமல் இருப்பது நல்லது. கடை இனிப்புகளில் நிறையப் பயன்படும் மால்டிட்டால் சர்க்கரையை ஏற்றவே ஏற்றாது என்பது தவறு, மெதுவாக ஏற்றும். கொஞ்சம் அதிகம் சாப்பிட்டால் வயிறு உப்பி, பேதியும் ஆகும்.

இவற்றால் பலன் உண்டா? 179 சுகர் நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு டீ, காபியில் சர்க்கரைக்குப் பதில் சுக்ரலோஸ் கொடுத்து 12 வாரம் கவனித்த சென்னை ஆய்வு ஒன்று 2024இல் வந்தது. எடையும் இடுப்பளவும் சிறிது குறைந்தன. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி குறிப்பிடும்படி மாறவில்லை. அதாவது கெடுதல் செய்யவில்லை, மாயமும் செய்யவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2023இல் எடை குறைக்க இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்று சொன்னபோது, ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை இல்லை என்பதையும் சேர்த்தே சொன்னது.

இனி அடுப்படிக்குப் போகலாம். தோலோடு பொடித்த பாதாம் 100 கிராம், பச்சை வாடை போக வறுத்த கடலை மாவு 60 கிராம், ராகி மாவு 40 கிராம், வறுத்து ஒன்றிரண்டாக உடைத்த வேர்க்கடலை 30 கிராம், உப்பு சேர்க்காத வெண்ணெய் 80 கிராம், ஒரு முட்டை, நாட்டுச் சர்க்கரை 40 கிராம், அரை ஸ்பூன் பேக்கிங் பவுடர், ஒரு சிட்டிகை உப்பு. ஏலக்காயும் சுக்கும் தாராளமாக. இனிப்பு குறையும் இடத்தை மணம் பாதியாவது நிரப்பும், அந்தச் சிட்டிகை உப்பும் இருக்கும் இனிப்பை எடுத்துக்காட்டும்.

வெண்ணெயையும் சர்க்கரையையும் வெளுக்கும்வரை அடித்து, முட்டையை ஊற்றி, மற்றவற்றைக் கலந்து பிசைந்தால் மாவு கொஞ்சம் தளர்வாகவே இருக்கும். கோதுமை, மைதாவில் உள்ள இழுவை இதில் கிடையாது. அதனால் அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்தே ஆக வேண்டும், அவசரப்பட்டால் உருட்டும்போதே உடையும். முட்டை சாப்பிடாதவர்கள் மூன்று ஸ்பூன் கெட்டித் தயிர் சேர்க்கலாம், சற்று மென்மையாக வரும். இருபது உருண்டைகளாக்கி, பட்டர் பேப்பரில் வைத்து முள்கரண்டியால் அழுத்தித் தட்டையாக்க வேண்டும், சர்க்கரை குறைவென்பதால் அவை தாமாகப் பரவாது. 160 டிகிரியில் 15 முதல் 18 நிமிடம். எடுக்கும்போது மெத்தென்று இருக்கும். வேகவில்லை என்று மறுபடி உள்ளே தள்ளாமல் ஆறவிட்டால் இறுகிவிடும். ஓடிஜி அடுப்பு இல்லாத வீட்டில் பழைய குக்கரில் உப்பைப் பரப்பி, அதன்மேல் ஸ்டாண்டு வைத்துச் சுடலாம். ரப்பரும் விசிலும் இல்லாமல், தண்ணீர் ஊற்றாமல், சிறு தீயில்.

இப்போது கணக்கு. வழக்கமான பட்டர் பிஸ்கட்டில் 200 கிராம் மைதா, 100 கிராம் சர்க்கரை, 100 கிராம் வெண்ணெய் என்று வைத்துக்கொண்டால், இருபது பிஸ்கட்டில் ஒன்றுக்குத் தோராயமாக 12.5 கிராம் கார்போஹைட்ரேட். மேலே சொன்ன பாதாம் - கடலை மாவு பிஸ்கட்டில் ஒன்றுக்கு 6.5 கிராம், அதாவது ஏறக்குறைய பாதி. நாட்டுச் சர்க்கரையை எடுத்துவிட்டு எரித்ரிட்டால் போட்டால் 4.5 கிராமுக்கு இறங்கும். இரண்டு பிஸ்கட் சாப்பிட்டாலும் 13 கிராம்தான், அதுவும் நார், புரதம், கொழுப்போடு சேர்ந்து மெதுவாக ஏறும்.

கலோரியைப் பார்த்தால் நிலைமை வேறு. மைதா பிஸ்கட் ஒன்றில் சுமார் 90 கலோரி, பாதாம் பிஸ்கட்டிலும் கிட்டத்தட்ட அதே 95. கொட்டைகளிலும் வெண்ணெயிலும் உள்ள கொழுப்பு அது. சுகருக்கு நல்லது என்ற பெயரில் டப்பாவைக் காலி செய்தால் எடை ஏறும், எடை ஏறினால் இன்சுலின் வேலை செய்வது மந்தமாகும். ஒரு வேளைக்கு இரண்டு என்பது கஞ்சத்தனம் அல்ல, இந்த பிஸ்கட்டின் செய்முறையிலேயே அடங்கிய அளவு. சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள் கொட்டை வகைகளைச் சேர்க்கும் முன் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது அவசியம்.

சுடும் விதத்திலும் கவனம் வேண்டும். அதிக சூட்டில் கருக வறுபட்ட பண்டங்களில் ஏஜிஇ எனப்படும் சேர்மங்கள் உருவாகின்றன. இவை குறைவாக உள்ள உணவை 12 வாரம் சாப்பிட்ட, உடல் எடை கூடிய 38 பேரை வைத்து மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் நடத்திய ஆய்வில், இன்சுலின் வேலை செய்யும் திறன் மேம்பட்டது தெரிந்தது. குக்கீஸும் பொரித்த பண்டங்களும் அவை கூடுதலாக உள்ள பட்டியலில் இருந்தன. ஆகவே ஓரம் கருக்கும்வரை விடாமல், இளம் பொன்னிறத்தில் இறக்கிவிடுவது சுவைக்கும் நல்லது, உடம்புக்கும் நல்லது. அச்சு முறுக்கையும் கல்கல்லையும் இந்த வழிக்குக் கொண்டுவருவது கடினம். இரண்டுமே எண்ணெயில் பொரிபவை, அரிசி மாவும் மைதாவும் இல்லாமல் உருவம் பெறாதவை. ஒன்றில் பாதியை உடைத்து ருசி பார்த்துவிட்டு நகர்ந்துகொள்ளலாம்.

பிஸ்கட்டை எப்போது சாப்பிடுவது என்பதும் கணக்கில் சேரும். வெறும் வயிற்றில் காலை டீயோடு சாப்பிடுவதைவிட, காய்கறியும் முட்டையோ பருப்போ இருந்த சாப்பாட்டுக்குப் பின், அந்தச் சாப்பாட்டில் ஒரு கரண்டி சோற்றைக் குறைத்துக்கொண்டு சாப்பிட்டால் ஏற்றம் மிதமாகும். பின்னர் தெருமுனை வரை நடந்து வந்தால் இன்னும் நல்லது. ஒவ்வொரு உடம்பும் ஒவ்வொரு விதம் என்பதால் கடைசித் தீர்ப்பைக் குளுக்கோமீட்டர்தான் சொல்ல வேண்டும். சாப்பிடத் தொடங்கி இரண்டு மணி நேரம் கழித்து 180க்குள் இருப்பது பெரும்பாலானவர்களுக்குப் பொதுவான இலக்கு, வயதையும் மற்ற நோய்களையும் பொறுத்து மருத்துவர் அதை மாற்றிச் சொல்வார்.

இன்சுலின் போடுகிறவர்களுக்கும் சில வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் திடீரென்று லோ சுகர் ஆகி, வியர்த்து, கை நடுங்கும். அந்த நேரத்தில் கைக்கு எட்டுவது இந்த பிஸ்கட்டாக இருந்தால் அது காப்பாற்றாது. கொழுப்பு அதிகம் என்பதால் இதிலிருந்து சர்க்கரை ஏற நேரமாகும். உடனே 15 கிராம் குளுக்கோஸ், அல்லது மூன்று ஸ்பூன் சர்க்கரை கரைத்த தண்ணீர் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். பண்டிகை வேலையில் சாப்பாடு தள்ளிப்போகும் நாட்களில்தான் இது அதிகம் நேரும் என்பதால் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

புறநகர்களில் வீட்டிலிருந்தே கேக், குக்கீஸ் செய்து வாட்ஸ்ஆப்பில் ஆர்டர் எடுக்கும் பெண்கள் பெருகியிருக்கிறார்கள். டயபெட்டிக் குக்கீஸ் என்று வாடிக்கையாளர்கள் தனியாகவும் கேட்டு வருகிறார்கள். உழைப்பும் அக்கறையும் நிறைந்த தொழில் அது, அதற்கேற்ற விவரமும் டப்பாவின்மேல் இருக்க வேண்டும். உணவுப் பாதுகாப்புப் பதிவு எண்ணோடு, ஒரு பிஸ்கட் எத்தனை கிராம், அதில் கார்போஹைட்ரேட் எவ்வளவு, இனிப்புக்குப் போட்டது கருப்பட்டியா, நாட்டுச் சர்க்கரையா, சுக்ரலோஸா, சுட்ட தேதி என்ன என்று நாலு வரி எழுதி ஒட்டினால் வாங்குகிறவர் தானே முடிவு செய்துகொள்வார். கருப்பட்டி போட்ட டப்பாவில் சுகர் ஃப்ரீ என்று எழுதுவது சட்டப்படியும் தவறு. பாதாம், வேர்க்கடலை, முட்டை மூன்றும் சிலருக்கு ஒவ்வாமை தரக்கூடியவை. அந்தப் பெயர்கள் மற்றவற்றைவிடக் கொஞ்சம் பெரிய எழுத்தில் இருக்கட்டும்.